பிளவுஸ் பிட்டில் ஒரு டை

டிசம்பர் 4, புதன்

புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டது. டூட்டி முடிந்து நேராகப் பிள்ளையார்பாளையம் போய் முனுசாமி அண்ணன் வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். கத்தரிப்பூ உடல், பாசிப்பச்சைக் கரை, கரையில் ஒரே ஒரு சரிகைக் கோடு. கோபுரம் வேண்டாம், யானை வேண்டாம், அன்னம் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். சாயத்துக்கு மூன்று முறை நூலை நனைத்துக் காட்டினார்கள். மூன்றாவது முறைதான் சரி என்றேன். "உன்ன மாதிரி நாலு பேரு வந்தா தறிய வித்துட்டு ஆட்டோ ஓட்டப் போயிடுவேம்மா" என்றார் அண்ணன். எங்கள் அப்பா ஆட்டோதான் ஓட்டுகிறார், அங்கே ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை என்றேன்.

முழுக்க என் காசு. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் ஏழு வருஷம் நின்ற கால். இந்தக் கல்யாணத்தில் நானே பார்த்து எடுத்த ஒரே பொருள் இந்தப் புடவைதான். மண்டபம் அப்பா, தேதி ஜோசியர், சாப்பாடு மாமா, மாப்பிள்ளை தரகர். சரி, மாப்பிள்ளைக்கு நானும் தலையாட்டினேன், அதை மறைக்கக் கூடாது.

அந்த மாப்பிள்ளையிடமிருந்து ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ். ஏழு நிமிஷம். ஏழு நிமிஷமும் டை. இளவரசன் மெடிக்கல் ரெப், டை கட்டாமல் டாக்டரைப் பார்க்கப் போக முடியாது, தெரியும். அதற்காக இப்படியா? "சட்டைய விட டை ஒரு ஷேடு டார்க்கா இருக்கணும். நுனி பெல்ட் பக்கிளைத் தொடணும், தாண்டக் கூடாது. முடிச்சுக்குக் கீழ ஒரு குழி விழணும், விழலன்னா கட்டத் தெரியாதவன்னு அர்த்தம்." இப்படியே போய்க் கடைசி நிமிஷத்தில் விஷயம் வருகிறது. ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை கோட் சூட் பெண் வீட்டுச் செலவு. அந்தக் கோட்டுக்கு டை என் புடவைத் துணியிலேயே வேண்டுமாம். "ரெண்டு பேரும் ஒரே துணியில நின்னா போட்டோ எப்படி வரும்னு யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். பதில் போட்டேன்: 'வேண்டாம். கடையில் நல்ல டையாக வாங்கிக்கொள்ளலாம். என் புடவைத் துணி டைக்கு இல்லை.'

இரண்டு நீல டிக். பதில் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

இன்றும் பதில் இல்லை. புரிந்துகொண்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. கடையில் கூட்டம் இல்லை. ரெப்புகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லா நோயாளியும் போன பிறகுதான் டாக்டர் அவர்களைக் கூப்பிடுவார். எனக்கு ஆகஸ்ட் மாதம் ஞாபகம் வந்தது.

தரகர் போட்டோ கொடுத்த வாரம் அது. இதே பெஞ்சில் இளவரசன் இருந்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியாது. வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மற்ற ரெப் எல்லாம் டையை முடிச்சோடு தலைவழியாக உருவி பைக் கண்ணாடியில் மாட்டினார்கள். இவர் மட்டும் ஓரமாக நின்று, கட்டின வழியிலேயே பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு விரலில் சுருட்டினார். பையிலிருந்து ஒரு வட்ட எவர்சில்வர் டப்பா எடுத்து உள்ளே வைத்து மூடினார். தான் நனைந்துகொண்டே போனார்.

ஒரு முழத் துணியை இப்படிப் பார்த்துக்கொள்கிறவன் கட்டிக்கொண்டவளையும் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயந்திரம்தான் அம்மாவிடம் சரி என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இப்போது எழுதிப் பார்க்கையில் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

பிளவுஸுக்குக் கை நீளம் சொல்ல ஏஞ்சல் அக்கா கடைக்குப் போனேன். நான் பத்தாவது படிக்கும்போதிலிருந்து அவர்தான் தைக்கிறார். பிட்டைப் போன வாரமே அம்மா கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பிட்டுதான் டையாயிடுச்சேமா. உனக்குத் தெரிஞ்சுதான?"

எனக்குப் புரியவில்லை. அக்கா அலமாரியிலிருந்து ஒரு கவர் எடுத்தார். உள்ளே டை. என் பாசிப்பச்சைக் கரை, என் ஒற்றைச் சரிகைக் கோடு, நடுவில் நேராக மேலே ஏறுகிறது. ஒரு பக்கக் கரை முன்துண்டுக்கு, மறுபக்கக் கரை பின்துண்டுக்கு. இரண்டு கரையும் போச்சு. மீதி என்று ஒரு சதுரம் கொடுத்தார், கத்தரிப்பூ நிறத்தில், வெறும் உடல். அதில் கையில்லா ரவிக்கைதான் தைக்கலாம். கரை இல்லாத கல்யாண ரவிக்கையைக் காஞ்சிபுரத்தில் யார் போட்டிருக்கிறார்கள்?

"உங்கம்மா, அவளுக்குச் சம்மதம்தான், மேட்சிங்கா வேற ஜாக்கெட்டு வாங்கிக்கிறான்னு சொன்னாங்கமா. நான் எதுக்கு சந்தேகப்படப் போறேன்?" அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவரிடம் கோபப்பட முடியவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். ரங்கசாமி குளம் வரைக்கும் என்ன யோசித்தேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

வீட்டில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கவரை முன்னால் போட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அரிந்தாள்.

"ஜெயம்மா போன் பண்ணி வாய்விட்டுக் கேட்டாங்கடி. மாப்பிள்ளையோட அம்மா கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா? நகை கேட்டாங்களா, பைக்கு கேட்டாங்களா? ஒரு துண்டுத் துணி."

"நான் அவருகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் உன்கிட்ட கேட்டிருக்காங்க. உனக்குத் தெரியுமா அது?"

"தெரியும்." வெங்காயத்தை விட்டுக் கண் எடுக்கவே இல்லை. "தெரிஞ்சுதான் சரின்னேன். உன்கிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டே."

ஒத்துக்க மாட்டேன் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி திருடினேன் என்று சொல்ல முடியாது. ஏஞ்சல் அக்காவிடம் ஏன் பொய் சொன்னே என்று கேட்டதற்கு, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னுவாங்க, நான் ஒரு பொய்தான சொன்னேன்" என்றாள்.

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

டிசம்பர் 20, வெள்ளி

முனுசாமி அண்ணனிடம் கேட்டேன், பிளவுஸ் அளவுக்கு மட்டும் மறுபடி நெய்ய முடியுமா என்று. அந்தப் பாவு நூலைத் தறியிலிருந்து அறுத்தாகிவிட்டதாம், புது நூலுக்குப் புதிதாகச் சாயம் போட வேண்டுமாம். "அதே ஆளு, அதே பொடி, அதே அடுப்பு. ஆனா அதே கலரு வராதும்மா. பக்கத்துல வெச்சா காட்டிக் குடுத்துடும்."

டிசம்பர் 22, ஞாயிறு

அம்மாவோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா, "உப்பு கேக்குறாடி உன் பொண்ணு" என்று தூது போகிறார்.

மேட்சிங் பிளவுஸாம். எம்பிராய்டரி போட்ட ரெடிமேட் பச்சை ஒன்று வாங்கி வந்து என் கட்டிலில் வைத்திருக்கிறாள். கிளிப்பச்சை. என் கரை பாசிப்பச்சை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பொம்பளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள். இவளுக்கு இது போதும் என்று.

டிசம்பர் 29, ஞாயிறு

கோட் சூட் போட்டுப் பார்க்க இளவரசனும் அவர் அம்மாவும் தென்னேரியிலிருந்து வந்தார்கள். அம்மா கேசரி, பஜ்ஜி, பால் காபி என்று மூச்சுவிடாமல் ஓடினாள். நான் புடவை மாற்றவில்லை, சுடிதாரிலேயே இருந்தேன். இவ்வளவுதான் என்னால் முடிந்த போராட்டம்.

கோட் பொருந்தியது. டையை எடுத்தார். நிலைக் கண்ணாடி முன்னால் நின்று கட்டினார். நன்றாகத்தான் கட்டினார், அந்தக் குழிகூட விழுந்தது. கையை எடுத்ததும் டை தானாகத் திரும்பியது. நுனி இடது பக்கம் முறுக்கிக்கொண்டு பின்பக்கத் தையலைக் காட்டியது. அவிழ்த்துக் கட்டினார். மறுபடி முறுக்கியது. மூன்றாவது முறையும்.

ஜெயம்மா அத்தை, "தையல் சரியில்லபோல" என்றார்.

"தையல் இல்லம்மா, வெட்டுனதே தப்பு." டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டைக்குத் துணிய கிராஸா வெட்டணும். மூலைக்கு மூலை. அப்பதான் இழுத்தா குடுத்து, விட்டா திரும்பி நேரா தொங்கும். இத கரையோட நேரா வெட்டியிருக்காங்க."

அம்மாவுக்குப் பதறிவிட்டது. "கல்யாணப் பட்டை யாராச்சும் கோணலா வெட்டுவாங்களா தம்பி? துணி வீணாப்போவுமே. கரை நேரா வரட்டும்னு நான்தான் சொன்னேன்." அப்படித்தான் சொல்லியிருப்பாள். இந்த ஊரில் எந்தப் பொம்பளையும் அப்படித்தான் சொல்வாள். கரை கோணினால் எங்களுக்குத் தூக்கம் வராது. என் பிளவுஸைக் கொன்று செய்த பொருள், டையாகவும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே. அடக்கிக்கொண்டேன்.

அடக்கியிருக்க வேண்டாம். அடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"கிராஸா வெட்ட ஒரு மீட்டர் சதுரம் வேணும் அத்தை. பிட்டுல இனி வராது. புடவையில, இடுப்புல சொருகுற முனை இருக்குது இல்ல? அது உள்ளதான போகுது. யாருக்குத் தெரியப் போகுது?"

என் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அவருக்கு இரண்டடி தள்ளி, பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஜெயம்மா அத்தை, "அதான, உள்ள போறதுதான" என்றார். என் அம்மா, புடவையில் கத்தரி படக்கூடாது என்று காலம் காலமாகச் சொல்கிறவள். ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். அப்புறம், "செவ்வாக்கிழம வேணாம். அடுத்த வாரம் புதன்கிழம குடுத்துடறேன்" என்றாள்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

எல்லோரும் தட்டு பேசினது மாதிரி என்னைப் பார்த்தார்கள். இளவரசன் பொறுமையாக, டாக்டரிடம் மருந்து விளக்குகிற அதே குரலில் சொன்னார்: "ப்ரவீ, நான் உங்கம்மாகிட்டதான கேட்டேன்."

டிசம்பர் 30, திங்கள்

புடவையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி செயினில், கழுத்தில். என் வீட்டிலிருந்து என் புடவையை நானே கடத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஜனவரி 4, சனி

அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். எதிர் டீக்கடையில் நின்று பேசினோம். டீ வாங்கியதும் டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார், சொட்டு விழாமல் இருக்க. டையில் எண்ணெய் பட்டால் தேய்க்காமல் முகப்பவுடர் போட்டு ஒரு நாள் வைக்க வேண்டும், தண்ணீரே காட்டக் கூடாது என்று முன்பு ஒரு முறை சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கும் அப்போதெல்லாம்.

"உங்க டை ஒண்ண உங்களக் கேக்காம நான் வெட்டினா என்ன பண்ணுவீங்க?"

உண்மையாகவே யோசித்தார். "நீ ஏன் வெட்டப் போற?"

"வெட்டினா?"

"வெட்ட மாட்ட. அது என்னோடதுன்னு உனக்குத் தெரியும்ல."

"அப்ப புடவை?"

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறம் அது நம்ம வீட்டுப் பொருள்தானம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. டை அவருடையது, புடவை நம்முடையது. நான் கண்ணாடி டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார். நகை எத்தனை பவுன் என்று அவர்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு முப்பத்தொன்று. ஒரு பிளவுஸ் பிட்டுக்காக நிற்கிற கல்யாணம் என்று ஊர் சிரிக்கும். மாமா வந்து, "பொம்பளைக்குக் கோவம் இருக்கலாம்மா, ரோஷம் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனுஷர்.

ஆனால் நாளைக்கு எதை எடுப்பார்கள்? சம்பளமா? ஏழு வருஷ வேலையா? "வாலாஜாபாத்துல வீடு பாத்திருக்கேன், உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்வார், அதே பொறுமையோடு. நான் பஜ்ஜித் தட்டோடு இரண்டடி தள்ளி நிற்பேன்.

நிறுத்தணும். இதுக்கு மேல யோசிக்கக் கூடாது. யோசிச்சா சரின்னுடுவேன்.

ஜனவரி 7, செவ்வாய்

வீட்டுக்கு வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. துணி எல்லாம் கட்டிலில். அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி புடவை?"

"பத்திரமா இருக்குது."

"நாளைக்குக் குடுக்கறேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்துக்கினு உக்காந்துக்கினு இருக்கேன், நீ ஒளிச்சு வெச்சு வேடிக்க பாக்கறியா?"

கத்தினோம். இரண்டு பேரும். நான் சொன்னதில் பாதியை இங்கே எழுத மாட்டேன். அந்த நேரத்தில் வாசலில் ஏஞ்சல் அக்கா. மத்தியானம் அம்மா அவர் கடைக்குப் போய், நாளைக்குப் புடவை வரும், கிராஸாக ஒரு டை வெட்டித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பொன்னி, பதினஞ்சு வருஷமா உன் பொண்ணுக்குத் தைக்கறேன். பொய் சொல்லி என் கையால அவ துணிய வெட்ட வெச்சே. அன்னிக்கு அவ கடையில நின்ன நிலை எனக்கு இன்னும் கண்ண விட்டுப் போகல. புடவைக்கு என் கத்தரி வராது. வேற எவகிட்ட போனாலும், புள்ளைக்குத் தெரியுமான்னு கேளுன்னு நானே போய்ச் சொல்லிட்டு வருவேன்."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா கட்டிலில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். நானும் உதவவில்லை.

ஜனவரி 8, புதன்

மத்தியானம் அவருக்குப் போன் பண்ணினேன். வேண்டாம் என்றேன்.

"ஒரு டைக்காகவா ப்ரவீ?"

"அப்படியே சொல்லிக்குங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

இப்போது வீட்டில் அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். அப்பா மண்டபத்துக்காரருக்குப் போன் பண்ணப் போனவர் இன்னும் வரவில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 11, சனி

அவர்கள் வீட்டிலிருந்து கோட் சூட் திரும்பி வந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, ஹேங்கரோடு, ஒரு சுருக்கம் இல்லாமல். டை தனியாக ஒரு அட்டைப் பெட்டியில். முடிச்சின் மடிப்பு போக ஆவி காட்டி, நடுவில் வெள்ளைக் காகிதம் வைத்துச் சுருட்டி அனுப்பியிருக்கிறார். கட்டவே முடியாத டை அது. அதற்கு இவ்வளவு.

பெட்டியைச் சுவரில் எறிந்தேன். அப்புறம்தான் அழுதேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நாங்களும் போகவில்லை.

பிப்ரவரி 1, சனி

இன்றைக்குத்தான் ரிசப்ஷன் நடந்திருக்க வேண்டும். லீவைக் கேன்சல் பண்ணிவிட்டு டூட்டிக்குப் போனேன். காய்ச்சல் சீசன், உட்கார நேரமில்லை. பெஞ்சில் ரெப்புகள் இருந்தார்கள். அவர் ஏரியாவுக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்களாம்.

மார்ச் 16, ஞாயிறு

தெருவில் எனக்கு 'டைக்காரி' என்று பெயராம். எதிர்வீட்டுக் குழந்தை வந்து சொன்னது, பாவம், அது திட்டு என்று தெரியாமல். அம்மாவுக்கும் கேட்டிருக்கும். குழந்தை கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து அனுப்பினாள். முகத்தைப் பார்த்தேன், என் மேல் கோபமா, தெருவின் மேலா, கண்டுபிடிக்க முடியவில்லை. நடந்தது பற்றி இதுவரை ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. நானும் எதிர்பார்த்துக் களைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்து, கொடியில் கிடந்த துண்டைச் சரி பண்ணினாள்.

"தரகர் லைன்ல இருக்காரு. ஒரு எடம் வந்திருக்குதாம். செங்கல்பட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எப்ப வராங்க? இன்னிக்கு சாயந்தரமா?"

"நான் வரச் சொல்லலடி." போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "வரச் சொல்லட்டுமா?"

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. இந்தக் கேள்வியை இவள் வாயில் நான் கேட்டதே இல்லை. அவள் முகத்தில் எந்தப் பாசமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இப்ப வேணாம்மா."

அவள் முகம் சுருங்கியது. பிடிக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு போனைக் காதில் வைத்தாள்.

"இப்ப வேணாங்க. உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. கேட்டேன், என் பொண்ணு வேணாம்னு சொல்றா."

பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் தலை வாரி முடித்து டூட்டிக்குக் கிளம்பினேன்.